கடலைக்காட்டில் கபடிக் களம்: மார்கழியில் போட்டு சித்திரையில் உழுவது வரை

ஊரில் கபடி அணி ஆரம்பிக்கப் போகிறோம் என்று யாராவது வந்தால், பனியன் அடித்தாயிற்றா என்று நான் கேட்பதில்லை. அது எப்படியும் அடித்திருப்பார்கள். முதுகில் பெயர், நெஞ்சில் சிங்கம், கீழே பணம் கொடுத்த கடையின் பெயர் எல்லாம் இருக்கும். களம் எங்கே என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பள்ளிக்கூட மைதானம், கோயில் வாசல், ரேஷன் கடைக்கு எதிரே இருக்கும் சரளை மேடு, இவ்வளவுதான் பதில் வரும். இந்த மூன்றிலும் விளையாடி முட்டியைத் தேய்த்துக்கொண்ட ஒரு தலைமுறை எங்கள் பக்கம் இருக்கிறது.

எங்கள் பக்கம் என்றால் சேர்வராயன் மலையடிவாரம், குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிற சாலையை ஒட்டிய மேட்டுக்காடுகள். ஆடியில் கடலை போடுவோம். கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் பாக்கும் வைப்பார்கள். நான் இளவயதில் இடது மூலையில் நின்று கால் பிடித்தவன். இப்போது காட்டு வேலை போக மீதி நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இத்தனை காலத்தில் நான் பார்த்த காயங்களில் பெரும்பங்கு தரை கொடுத்தது. அதனால் நல்ல மண் களம் ஒன்றை நாமே எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். மண்ணைப் புரட்டத் தெரிந்தவன் செய்யக்கூடிய வேலை இது. பெரிய செலவு கிடையாது.

எந்தக் காடு, எந்த மாதம்

ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ பறிப்புக்கு வந்துவிடும். காய் ஆய்ந்து, கொடியைப் போர் போட்டபிறகு காடு சும்மா கிடக்கும். மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் களம் போட்டால் பொங்கல் போட்டிக்குத் தயாராக இருக்கலாம். சித்திரையில் கோடை மழை விழுந்ததும் உழவு வந்துவிடும். ஆக, களத்துக்கு ஆயுள் நான்கு மாதம். அதை ஒரு பட்டத்துப் பயிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடலைக்காட்டையே சொல்வதற்குக் காரணம் உண்டு. செடியைப் பிடுங்கும்போதே மேல்மண் பொலபொலவென்று ஆகிவிடும். மக்காச்சோளக் காட்டில் தட்டை அறுத்த கட்டை நிற்கும், அது உள்ளங்காலைக் கிழிக்கும். குச்சிக்கிழங்கு பத்து மாதப் பயிர், நமக்கு வேண்டிய நேரத்தில் காடு காலியாகாது. காலியானாலும் பிடுங்கிய இடமெல்லாம் குழி. நெல் வயல் காய்ந்தால் வெடித்துக் கட்டி கட்டியாக இறுகிக் கிடக்கும். கடலையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊடுபயிராகத் துவரையோ ஆமணக்கோ போட்டிருந்தால் அதன் கட்டையைத் தரையோடு வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மேலே மண் மூடினால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் கடப்பாரை போட்டு வேரோடு நெம்பி எடுங்கள். அரிவாளால் மறுபடி சீவினால் இன்னும் கூராகத்தான் ஆகும்.

காட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். "முதல் கோடை மழைக்கு நாங்களே உழுது கொடுத்துடறோம் மாமா" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சொன்னபடி உழுதும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம் வேலி போட்டுவிடுவார்.

இடம் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது மொட்டைக் கிணறு இருக்கிறதா என்று. எங்கள் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நிறைய. விளையாடுகிறவன் கோட்டுக்குள் இருப்பான். பார்க்க வருகிற கூட்டம்தான் இருட்டில் பின்னால் பின்னால் நகரும். கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தக் காடே வேண்டாம். தென்னை மரத்தடியும் வேண்டாம், மின்கம்பிக்குக் கீழேயும் வேண்டாம்.

அளவு எடுப்பது

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இந்த 10 மீட்டரில் இரண்டு பக்கமும் லாபி என்கிற 1 மீட்டர் ஓரப்பட்டை அடங்கும். ஆட்கள் உட்காரும் பெட்டி கடைசிக் கோட்டுக்கு 2 மீட்டர் பின்னால் வரும். விழுந்து உருளவும் இடம் வேண்டும். எனவே 20 மீட்டருக்கு 14 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் அது 7 சென்டுக்குச் சற்றுக் குறைவு. காட்டுக்காரரிடம் "ஏழு சென்ட் போதும்" என்று சொன்னால் அவருக்கும் புரியும்.

நீளம் தெற்கு வடக்காக இருக்கட்டும். நாம் விளையாடுவது சாயங்காலம். கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரு பக்கத்து ஆட்களுக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். “கபடி கபடி” என்று பாடி வருகிறவனின் காலைப் பார்க்க முடியாத மூலைக்காரன் என்ன செய்வான்?

மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் மூலைமட்டம் தேவையில்லை. நாலு முளை அடித்து, எதிரெதிர் மூலைகளுக்கு டேப் பிடியுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 16 மீட்டர் 40 சென்டிமீட்டர் வந்தால் களம் நேர். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் கோணல், முளையை நகர்த்துங்கள். நைலான் கயிற்றில் அளக்க வேண்டாம், இழுத்தால் நீளும்.

நடுக்கோடு 6.5 மீட்டரில். அங்கிருந்து இரு பக்கமும் 3.75 மீட்டரில் பாக் கோடு, பாடி வருகிறவன் தாண்டிவிட்டுத் திரும்ப வேண்டிய கோடு. அதற்கு 1 மீட்டர் தள்ளி போனஸ் கோடு. மீதி 1.75 மீட்டரில் கடைசிக் கோடு. பெண்கள் களம் 12க்கு 8. பாக் கோடு நடுவிலிருந்து 3 மீட்டர், போனஸ் 4 மீட்டர். அதைப் போடுவது இன்னும் சுலபம். அரைக் களம் 6க்கு 8 என்பதால் அதன் மூலைவிட்டம் துல்லியமாக 10 மீட்டர் வரும். ஒரே களத்தில் இரண்டு அளவுக்கும் கோடு போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், ஆட்டத்தின் நடுவே எந்தக் கோடு யாருடையது என்று சண்டை வரும். இடம் ஒன்றுதான் என்றால் அன்றைக்கு யார் விளையாடுகிறார்களோ அவர்கள் கோட்டை மட்டும் போடுங்கள்.

இந்த அளவெல்லாம் ஏன் இவ்வளவு சுத்தமாக வேண்டும் என்று பையன்கள் அலுத்துக்கொள்வார்கள். பாக் கோட்டை ஒரு ஜாண் முன்னால் போட்டுப் பழகிய பையன், வெளியூர்ப் போட்டியில் கோட்டைத் தாண்டியதாக நினைத்துக்கொண்டு திரும்பி வருவான். தாண்டியிருக்க மாட்டான். ஆளும் போய்ப் புள்ளியும் போகும். கால் தன் கணக்கில்தான் போகும், அந்தக் கணக்கை நாம் ஒழுங்காகப் பழக்கிவிட வேண்டும்.

மண் வேலை

இதுதான் பெரிய வேலை. அவசரப்படாதீர்கள்.

முதலில் அரை அடி ஆழத்துக்குப் புரட்ட வேண்டும். ரொட்டாவேட்டர் இருந்தால் இரண்டு ஓட்டு போதும். இல்லாவிட்டால் மண்வெட்டிதான். புரட்டியதும் கல் பொறுக்குவது. எங்கள் செம்மண்ணில் சரளையும் வெள்ளைக்கல் சில்லும் கலந்தே கிடக்கும். அந்த வெள்ளைக்கல்லின் விளிம்பு கத்தி மாதிரி. வரப்போரத்தில் பாட்டில் கண்ணாடி கட்டாயம் கிடக்கும், அது யார் போட்டது என்று ஊருக்கே தெரியும். நெருஞ்சி முள்ளையும் விட்டுவிடாதீர்கள். பெரிய கல்லைப் புரட்டும்போது கையால் புரட்ட வேண்டாம், அடியில் தேள் இருக்கும்.

பொறுக்கினால் மட்டும் போதாது. ஆட்டம் நடக்கும் பகுதிக்கு மேல் மூன்று அங்குல மண்ணைச் சலித்தே ஆக வேண்டும். 15 மீட்டருக்கு 12 மீட்டர் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 480 கன அடி வரும், கிட்டத்தட்ட 5 யூனிட் மண். மணல் சலிக்கிற சல்லடையைச் சாய்த்து நிறுத்தி, இரண்டு பேர் வாரி எறிய இரண்டு பேர் ஒதுக்க, பத்துப் பையன்கள் இருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். இந்த இரண்டு ஞாயிறும் வராதவனை அணியில் எடுக்காதீர்கள். எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சரி. நான் இதில் கறார்.

சலித்த மண்ணில் என்ன கலப்பது என்பதில் ஆளுக்கு ஒரு பேச்சு இருக்கிறது. பழைய முறையில் மக்கிய எரு போடுவார்கள். மண்ணை மெத்தென்று வைப்பதில் எருவுக்கு ஈடில்லைதான். ஆனால் ரணஜன்னி வரவழைக்கிற கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கும். தினமும் முழங்கை உரிகிற இடத்தில் அதை நாமே கொண்டுபோய்க் கொட்டுவானேன்? நான் மரத்தூள் போடுகிறேன். பத்துக் கூடை மண்ணுக்கு ஒரு கூடை, மொத்தத்தில் இருபது சாக்கு பிடிக்கும். மர அறுவை மில்லில் ரம்பத்தில் விழும் தூளைக் கேளுங்கள். இழைப்புச் சீவல் வேண்டாம், பிளைவுட் அறுத்த தூளும் வேண்டாம், உடம்பு அரிக்கும். அதையும் ஒருமுறை சலித்துவிடுங்கள், ஆணி கிடக்கும். மரத்தூள் கிடைக்காத ஊரில் தென்னைநார்த் தூள் போடலாம். கொஞ்சம் அதிகமாக ஈரம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எருவோ மரத்தூளோ, எதைப் போட்டாலும் விளையாடுகிற எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரணஜன்னி ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எம் சாண்ட் மட்டும் போடவே கூடாது. வீடு கட்டிய இடத்தில் மீதி இருக்கிறது, சும்மா கிடைக்கிறது என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். அது பாறையை உடைத்த மணல், ஒவ்வொரு பொடியிலும் மூலை இருக்கும். வழுக்கி விழுந்தால் தோலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும். ஓடை மணலை அள்ளப் போனால் வழக்கு வரும். அதோடு மணல் அதிகமானால் கால் புதையும். நம் செம்மண்ணே போதும்.

பரப்பிய பிறகு பரம்புப் பலகை ஓட்டிச் சமப்படுத்துங்கள். நடுக்கோட்டில் இரண்டு விரல் உயரமாகவும் இரண்டு கடைசிக் கோட்டை நோக்கி மெல்லச் சரிவாகவும் இருந்தால், மார்கழியில் எதிர்பாராமல் மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது. இரு பக்கமும் ஒரே சரிவு என்பதால் யாருக்கும் கூடுதல் குறைவு கிடையாது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள், அல்லது கொத்தனார் போல உள்ளே தெரிகிற குழாயில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டினால் வெளித்தண்ணீர் உள்ளே வராது. ஆனால் அந்த வாய்க்கால் 20க்கு 14 எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும், தடுக்கி விழும்படி இருக்கக் கூடாது.

அப்புறம் தண்ணீர் தெளித்து, ஒரு நாள் விட்டு, வெறுங்காலால் எல்லோரும் வரிசையாக நடந்து மிதியுங்கள். உருளை ஓட்டினால் சிமெண்டுத் தரையாகிவிடும். மிதித்து முடித்ததும் ஒருவன் களத்தில் படுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உருண்டு போக வேண்டும். எங்கே கத்துகிறானோ அங்கே இன்னும் கல் இருக்கிறது.

கோடு போடுவது

"மாமா, சுண்ணாம்பு போட்டா பளிச்சுனு தெரியுமே" என்பான் ஒருவன். தெரியும். வேர்வையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சுண்ணாம்பு களத்துப் பக்கமே வரக் கூடாது. கோலமாவு பல இடங்களில் வெள்ளைக்கல்லை அரைத்த மாவுதான். அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அரிசி மாவில் போட்டால் மறுநாள் எறும்பு வரிசை கட்டி நிற்கும். பெயிண்ட் கடையில் சாக் பவுடர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, மூக்கு வைத்த டப்பாவில் ஊற்றி, கயிறு கட்டி அதன் ஓரமாகவே ஒழுகவிட்டுக்கொண்டு போங்கள். கோட்டின் அகலம் 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை இருக்கலாம்.

தினமும் அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கோட்டின் நேரிலும், களத்துக்கு வெளியே 2 மீட்டர் தள்ளி, மர முளையைத் தரைக்கு அடியில் போகும்படி புதைத்துவிடுங்கள். மேலே மண்ணைத் தள்ளினால் தலை தெரியும். இரண்டு முளைக்கும் கயிறு கட்டினால் கோடு ரெடி. இரும்பு முளை வேண்டவே வேண்டாம்.

மண் களத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒவ்வொரு பாதி ஆட்டத்துக்கு முன்பும் கோட்டோரங்களைச் சீமாறால் பெருக்கிவிட்டால் காலடி பதியும். போனஸ் எடுக்கும்போது ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டியிருக்க, மற்றொரு கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். எதிரே ஆறு பேராவது நிற்கவும் வேண்டும். "போனான்", "போகவில்லை" என்று கத்துவதற்குப் பதில் போய் மண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

தினசரிப் பராமரிப்பு

விளையாடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பூவாளியாலோ ஹோஸிலோ தெளித்துவிடுங்கள். பதம் பார்ப்பது உழவுக்குப் பார்ப்பது போலத்தான். ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும். உதிராவிட்டால் ஈரம் அதிகம், வழுக்கும், அன்றைக்குக் காத்திருங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் தூசி கிளம்பும், மூச்சுவிட முடியாது. பாடுகிறவனுக்கு மூச்சுதானே முதலீடு.

வாரம் ஒருமுறை மண்வெட்டியால் இரண்டு அங்குலம் கொத்திவிட்டுச் சமப்படுத்துங்கள். பாக் கோட்டுக்கும் போனஸ் கோட்டுக்கும் நடுவே மூலைகளில்தான் மண் சீக்கிரம் இறுகும், அங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

விளக்கு போட்டால் நீளப் பக்கங்களில் கம்பம் நடுங்கள். கடைசிக் கோட்டுப் பக்கம் நட்டால் கண் கூசும். பக்கத்து மோட்டார் சர்வீஸிலிருந்து கொக்கி போடுவது கூடாது. அது பயிருக்குத் தண்ணீர் இறைக்கக் கொடுத்த இலவச மின்சாரம், பிடிபட்டால் காட்டுக்காரர்தான் மாட்டுவார். அதைவிட, ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில் ஒட்டுப்போட்ட ஒயர் கிடப்பது உயிருக்கு ஆபத்து. இருட்டிய பிறகு கொடிப்போர் பக்கம் டார்ச் இல்லாமல் போகாதீர்கள், கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும்.

காட்டு வேலையும் பயிற்சியும்

மார்கழி தை மாதங்களில் கிழங்குப் பிடுங்கு நடக்கும். காலையிலிருந்து குச்சிக்கிழங்கு பிடுங்கி லோடு ஏற்றிவிட்டு வருகிற பையனின் முன்கையும் இடுப்பும் அன்றைக்குச் செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்துவிட்டன. ஜிம்முக்குப் போகிற பட்டணத்துப் பையன்களுக்கு இந்தப் பிடி வராது. ஆனால் அதே நாளில் அவனுக்குப் பிடிப் பயிற்சி கொடுத்தால் விரல் நழுவும், தோள் இறங்கும். அன்றைக்கு அவன் கால் வேலை மட்டும் பழகட்டும். யார் என்ன வேலை செய்துவிட்டு வந்தார்கள் என்று கேட்காமல் பயிற்சியை ஆரம்பிக்காதீர்கள்.

முதல் வாரம் விழுவதை மட்டும் சொல்லிக் கொடுங்கள். கையை ஊன்றி விழக் கூடாது, மணிக்கட்டு போகும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, தோளில் வாங்கி உருள வேண்டும். புதுக் களத்தின் மெத்தென்ற மண் இதற்குத்தான். பையன்களுக்கு இது சலிப்பாக இருக்கும். முதல் நாளே டேஷ் அடிக்க வேண்டும், அதாவது பாடி வருகிறவனை மோதித் தள்ள வேண்டும் என்பார்கள்.

மூலைக்காரனுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆளின் முகத்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார். முகமும் கையும் ஏமாற்றும். இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான். கணுக்காலைப் பிடிப்பது அவன் காலை ஊன்றும் நொடியில். தூக்கும்போது பிடிக்கப் போனால் உதைதான் கிடைக்கும். பிடித்ததும் இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டால், பக்கத்தில் இருக்கும் கவர்க்காரன் வந்து அடைப்பான். தனியாக ஹீரோ ஆகப் பார்ப்பவன் எதிரணிக்குத்தான் புள்ளி சம்பாதித்துக் கொடுப்பான். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி உண்டு என்பதற்காக, ஏழு பேர் நிற்கும்போதும் அதே அவசரத்தில் பாய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் அதிகம் இருந்தால் காத்திருக்கலாம். பாடி வருகிறவனுக்கு 30 விநாடிதான், நேரம் நம் பக்கம்.

பாடுகிறவனுக்கு அந்த 30 விநாடியை உடம்பில் ஏற்ற வேண்டும். களத்தைச் சுற்றி "கபடி கபடி" என்று ஒரே மூச்சில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு ஓடவிடுங்கள். வாய்க்குள் முணுமுணுத்தால் நடுவர் விசில் ஊதிவிடுவார்.

மூச்சுக்காக மலை ஏறுவது நல்லதுதான். ஆனால் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓடாதீர்கள். சுற்றுலா வண்டிகள் வளைவில் எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. காட்டுப் பாதையில் விடியற்காலையில் காட்டெருமை நிற்கும், மேலும் அது வனத்துறை இடம், கேட்காமல் போகக் கூடாது. அடிவாரத்து மண் பாதையில் மேடு ஏறுவது மட்டும் போதும். இறங்கும்போது நடங்கள், இறக்கத்தில் ஓடினால் முட்டிதான் முதலில் போகும். மலை இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஏரிக்கரை இருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை களத்தை ஒதுக்குங்கள். இருட்டிய பிறகு நேரம் கொடுத்தால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள், அப்புறம் "பொண்ணுங்க வரலையே" என்று நாமே சொல்லிக்கொண்டிருப்போம். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் பெய்ஜிங்கில் வந்தது, பெண்கள் கபடி 2010இல் குவாங்சோவில் வந்தது. இரண்டிலும் முதல் தங்கம் இந்தியாவுக்குத்தான். இதைத் தயங்குகிற அப்பாக்களிடம் சொல்லிப் பாருங்கள், சில பேர் இளகுவார்கள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. ராகிக் களி, கம்பங்கூழ், வேகவைத்த கடலை, முட்டை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குப் போகிற கசப்புக் குச்சிக்கிழங்கைச் சுட்டுத் தின்ன வேண்டாம். அதில் சயனைடு நஞ்சு உண்டு. சாப்பாட்டு ரகத்தையும் தோல் உரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஜெயித்த அன்றைக்கு டவுனுக்குப் போய்த் தட்டுவடை செட் சாப்பிடுவதை நான் தடுப்பதில்லை.

போட்டி வைப்பதானால்

காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் நடக்கும். பாக்கு மண்டியிலோ கடலை மண்டியிலோ எலக்ட்ரானிக் தராசு இரவல் வாங்கி எல்லோர் கண்ணெதிரிலும் நிறுங்கள். எடைக்கு அடங்க வேண்டும் என்று முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிற பையன்கள் உண்டு. உதடு காய்ந்து, கண் உள்ளே போய் வருகிறவனை எடை சரியாக இருந்தாலும் இறக்காதீர்கள்.

களத்தில் இறங்கும் முன் வரிசையில் நிறுத்திப் பாருங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். உடம்பில் எண்ணெய் தடவியிருக்கக் கூடாது. மோதிரம், காப்பு, கழுத்துக் கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். வெள்ளி அரைஞாண் கொடியை மறந்துவிடுவார்கள். பிடிக்கப் போனவன் விரல் அதில் மாட்டினால் விரல் பிசகிவிடும்.

விரல் பிசகினால் அங்கேயே இழுத்துவிடுகிற வைத்தியர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். விடாதீர்கள். கட்டுப் போடுகிறவரிடம் போவது அவரவர் விருப்பம், ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போகட்டும். தலையில் அடிபட்டவன் "எனக்கு ஒண்ணுமில்லண்ணா" என்றுதான் சொல்வான். அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி, மயக்கம், தலைவலி வந்தால் 108.

மலை மேலிருந்து வருகிற அணிகளுக்கு ஆட்டத்தை மதியமே வைத்துவிடுங்கள். தை மாதத்தில் மேலே பனிமூட்டம் இறங்கிவிடும். ராத்திரி பத்து மணிக்குத் தோற்ற களைப்போடு மூன்று பேர் ஒரு பைக்கில் ஏறுவதற்கு நாம் காரணமாக இருக்க வேண்டாம். உள்ளூர் அணிகள் கடைசியில் விளையாடட்டும், கூட்டமும் நிற்கும்.

பெரிய போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். இப்போது மேல்மட்டத்தில் எல்லாம் மேட் என்கிற விரிப்பின் மேல்தான் ஆட்டம். 2014இல் புரோ கபடி வந்தபிறகு சின்ன ஊர்களிலும் மேட் விரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், மேட் மேல் ஷூ ஒட்டிப் பிடிக்கும். உடம்பு திரும்பும், கால் திரும்பாது, முட்டி திருகிக்கொள்ளும். எனவே போட்டிக்குச் சில வாரங்கள் முன்பாவது மேட் உள்ள இடத்தில் பழகிவிட்டுப் போக வேண்டும்.

காட்டைத் திருப்பிக் கொடுப்பது

பங்குனி முடியும்போது முளைகளை எல்லாம் பிடுங்கி எண்ணிப் பாருங்கள். ஒன்று தங்கினாலும் ரொட்டாவேட்டர் கத்தியில் மாட்டும். விளக்குக் கம்பத்துக் குழிகளை மூடுங்கள்.

நான்கு மாதம் மிதிபட்ட இடம் சாதாரண உழவுக்கு அசையாது. முதல் கோடை மழை இறங்கி ஈரம் உள்ளே போனதும் சட்டிக் கலப்பையால் ஆழமாக ஒரு உழவு, பிறகு குறுக்கே ஒரு உழவு. சுற்றி வெட்டிய வாய்க்காலையும் அப்போதே மூடிவிடுங்கள்.

மரத்தூள் விஷயத்தைக் காட்டுக்காரரிடம் மறைக்காதீர்கள். அது மண்ணில் மக்கும்போது தழைச்சத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஏழு சென்டில் மட்டும் அடுத்த பயிர் மஞ்சளாக நிற்கும். சோளமோ கம்போ போட்டால் தூரத்திலிருந்து பார்த்தாலே களம் இருந்த இடம் கட்டம் கட்டியதுபோலத் தெரியும். அதனால் உழவுக்கு முன் அந்த இடத்தில் மட்டும் மக்கிய தொழு எருவை மற்ற இடத்தைவிடக் கூடுதலாகப் போட்டுக் கலந்துவிடுங்கள். பயறு வகைகள் தங்கள் தழைச்சத்தைத் தாங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளும் என்பதால், தட்டைப் பயறோ கொள்ளோ விதைக்கச் சொல்லலாம்.

அடுத்த மார்கழிக்கு அதே இடத்தில் களம் போடாதீர்கள். காட்டின் வேறு மூலைக்கு மாற்றுங்கள், முடிந்தால் வேறு காட்டுக்கே மாற்றுங்கள். சலிக்கிற வேலை மறுபடி வரும்தான். ஆனால் அந்த வருஷம் சேர்கிற புதுப் பையன்களுக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டுமல்லவா.